ஒப்புகை அட்டை

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
பெரிய முதலியார்சாவடி
24 ஜூன் 2024

மதிப்பிற்குரிய மலர்கொடி அவர்களுக்கு,

தங்கள் உடன்பிறந்த தம்பி சேட்டு எழுதுவது.

வாயால் பேசியதை நாளைக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம், எதுவானாலும் எழுத்தில் வை, பதிவுத் தபாலில் அனுப்பு, கையெழுத்தாகித் திரும்பி வரும் அட்டையைத் தொலைக்காதே என்று வக்கீல் தெய்வநாயகி அம்மா சொல்லியிருக்கிறார். சாலை ஆபீசுக்கு நஷ்ட ஈடு கேட்டு அப்படித்தான் மனு அனுப்பினேன். சொந்த அக்காவுக்கும் அப்படியே அனுப்ப வேண்டியதாகிவிட்டது. உங்கள் பேத்திக்குப் பேர் வைத்த அன்றைக்கு, "ஒரு காருக்காக கோர்ட்டுப் படி ஏறணுமாடா, கேவலமா இல்ல?" என்று பத்துப் பேர் எதிரில் கேட்டீர்கள். இலையில் சோறு விழுவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்களிடம் போனில் பேச எனக்கு மனசு வரவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். மே 20, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. உங்கள் மகள் சங்கீதாவுக்கு வலி கண்டுவிட்டது. நான் மரக்காணத்தில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு நின்றிருந்தேன். நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன். நீங்கள் வேலை செய்யும் உப்பளத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் உப்பு மேட்டுச் சாலையில், மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய குழியை எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். அந்த இடம் வந்தால் முதல் கியருக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அது வெள்ளையாக, ரோட்டோடு ரோடாகச் சமமாக இருந்தது. பின்சீட்டிலிருந்து நீங்கள்தான் சொன்னீர்கள், "மூடியாச்சுடா, நீ வேகமா போ" என்று. போனேன். முன்சக்கரம் முட்டி ஆழத்துக்கு உள்ளே இறங்கியது.

வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். பிள்ளை பெற்ற பெண்ணைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். நான் மனு போட்டவன். மிச்சம் நீங்கள் ஒருவர்தான். அங்கே குழி இருந்தது, வண்டி விழுந்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சேட்டு

*

மரக்காணம் உப்பளம்
29 ஜூன் 2024

அன்புத் தம்பி சேட்டுவுக்கு அக்கா எழுதுவது.

யாருடா அந்த 'மலர்கொடி அவர்கள்'? மூக்கு ஒழுகிக்கொண்டு என் இடுப்பில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவன் எனக்கு 'தங்கள்' போட்டு எழுதுகிறான். படித்ததும் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

தபால்காரர் பாத்தி வரப்பிலேயே நடந்து வந்து, "கையெழுத்து போடும்மா, ரிஜிஸ்டர்" என்று சத்தம் போட்டார். என் செட்டில் உள்ள பதினோரு பொம்பளைகளும் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். "என்னாக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்கிறாள் ரேணுகா. "ஆமாடி, என் தம்பி எனக்கு விட்ட நோட்டீஸ்" என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பேர் வைத்த அன்றைக்கு நான் பேசியது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாட்சி மட்டும் கேட்காதே. அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நடராசன், பேப்பர், ஆபீஸ், கேஸ் என்று எது காதில் விழுந்தாலும் மிரளுகிற ஆள். நான் மேஸ்திரி. எனக்கு ஒன்றென்றால் பதினோரு வீட்டிலும் உலை கொதிக்காது. குழி இருந்தது ஊருக்கே தெரியும். லாரிக்காரன் எவனையாவது கேட்டுப் பாரேன்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். உன்னை மாதிரியே கோபம் வந்தால் காது சிவந்துவிடுகிறது. சங்கீதா, "மாமா ஏன் வர்றதில்ல?" என்று தினம் கேட்கிறாள். வாடா, கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மலர்கொடி

*

பதிவுத் தபால்
பெரிய முதலியார்சாவடி
8 ஜூலை 2024

அக்காவுக்கு,

'தங்கள்' வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். பதிவுத் தபாலை விடமாட்டேன்.

லாரிக்காரனைக் கேள் என்கிறாய். லாரிக்காரனா என் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான்?

என் நிலைமை உனக்கு முழுசாகத் தெரியாது, கேட்டுக்கொள். கார் மெக்கானிக் மரியதாஸ் ஷெட்டில் நிற்கிறது. லோயர் ஆர்ம் வளைந்துவிட்டது, ஆயில் சம்ப் உடைந்து ஆயில் முழுக்க ஒழுகிவிட்டது, இன்ஜின் ஜாம். அதைத் தொடக் கூடாது என்கிறார் வக்கீல் அம்மா. ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்து எழுதும் வரைக்கும் அடிபட்டது அடிபட்டபடியே இருக்க வேண்டுமாம், அதுதான் சாட்சியமாம். ஆபீசில் கேட்டால், "வருவாங்க, இருங்க" என்கிறார்கள். ஏழு வாரம் ஆகிவிட்டது. ரிப்பேர் பண்ணினால் கேஸ் போய்விடும். பண்ணாவிட்டால் சோறு போய்விடும். விற்கவும் முடியாது, கடன் கொடுத்தவன் பேரும் ஆர்.சி.யில் இருக்கிறது. மரியதாஸ், "எடம் அடைக்குது, எடுத்துட்டுப் போ சேட்டு" என்கிறான். எங்கே எடுத்துப் போவது, தலையிலா? கடற்காற்றில் கதவின் அடி துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் போர்டு வண்டிக்குச் சொந்தக்காரனாக இருந்த நான் இப்போது எவன் காருக்காவது ஆக்டிங் டிரைவர். அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது.

இதில் இன்னொன்று. குழியில் விழுந்ததால் இன்ஜின் போகவில்லையாம், ஆயில் விளக்கு எரிந்த பிறகும் நான் ஓட்டியதால் போனதாம். ஆபீசிலிருந்து வாய்வார்த்தையாக அப்படிச் சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சிவப்பு விளக்கை நான் பார்த்தேன் அக்கா. பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். பின்னால் சங்கீதா கத்திய கத்தலில் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேனா? ஆஸ்பத்திரி வாசலுக்குள் முன்சக்கரம் நுழைந்த பிறகுதான் இன்ஜின் நின்றது. நீதான் பார்த்தாயே. அதையாவது எழுதிக் கொடு.

என் பெண்டாட்டி பிரியங்கா கேட்கிறாள், "உங்கக்கா பேத்திக்காகத்தான வண்டி போச்சு, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ யோசிக்கிறாங்களே?" என்று. இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா?

சேட்டு

*

மரக்காணம்
15 ஜூலை 2024

சேட்டு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

பிரியங்கா கேட்டது நியாயம். அவள் கேட்டதை விட நானே என்னை அதிகமாகக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு விளக்கை நானும் பார்த்தேன். உன் கழுத்தில் வேர்வை ஓடியதையும் பார்த்தேன். நீ நிறுத்தாததால்தான் இரண்டு உயிர் பிழைத்தது. இதை எந்தக் கோயிலில் கேட்டாலும் சொல்வேன். எழுதித் தரத்தான் கை வரவில்லை.

எழுதிக் கொடுத்தால் அதோடு விடுவார்களா? கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள். குழி எப்படி இருந்தது, எப்போதிலிருந்து இருந்தது, அது ஏன் வெள்ளையாக இருந்தது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும்.

காய்ந்த இறால் கொஞ்சம் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முதலியார்சாவடி ஸ்டாப்பில் வாங்கிக்கொள். கோபத்தில் அதைத் திருப்பி அனுப்பாதே, பிரியங்காவுக்குப் பிடிக்கும்.

மலர்கொடி

*

பதிவுத் தபால்
பெரிய முதலியார்சாவடி
5 ஆகஸ்ட் 2024

அக்கா,

இறால் வந்தது. பிரியங்கா வறுத்தாள். நான் தொடவில்லை.

ஆபீசிலிருந்து ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது. ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன், நீயே படி. முக்கியமான இடத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்: 'மேற்படி பள்ளம் 12.03.2024 அன்று இவ்வலுவலகப் பணியாளர்களைக் கொண்டு முறையாகச் சீரமைக்கப்பட்டுவிட்டது. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே மனுதாரர் குறிப்பிடும் நாளில் அவ்விடத்தில் பள்ளம் இருந்திருக்க வாய்ப்பில்லை.'

வாய்ப்பில்லையாம்! அப்புறம் என் கார் எதில் விழுந்தது, மரியதாஸ் ஷெட்டிலா? உடைந்த வண்டியைப் பார்க்கவே அவர்கள் இன்னும் வரவில்லை, அதற்குள் குழியே இல்லை என்கிறார்கள்.

போட்டோவையும் பார். ரோட்டில் வெள்ளையாக ஒரு வட்டம், நல்ல மட்டமாக. ஓரத்தில் யாரோ ஒரு பொம்பளையின் கால் தெரிகிறது. சித்தாளாக இருக்கும். இவர்கள் உண்மையிலேயே ஆள் விட்டு மூடியிருந்தால் இரண்டு மாதத்தில் அது எப்படி உள்வாங்கியது? வக்கீல் அம்மா, "இது ஒண்ணு போதும், நம்மள முடிச்சிடுவாங்க" என்கிறார். ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, மக்கள் நீதிமன்றத்தில் விசாரணை. அங்கே சமரசமாகப் பேசி முடிப்பார்கள். அதற்குள் சாட்சி இல்லையென்றால் இத்தோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நீ தினமும் அந்த ரோட்டில் நடப்பவள். மார்ச்சில் யாராவது வந்து மூடினார்களா, இல்லையா? அன்றைக்குக் காரில் "மூடியாச்சு" என்று நீதானே சொன்னாய். யார் மூடியது என்று தெரிந்துதானே சொல்லியிருப்பாய்? கடைசித் தடவையாகக் கேட்கிறேன். இதற்கும் இறால் அனுப்பினாயென்றால் நான் உன் தம்பியே இல்லை.

சேட்டு

*

மரக்காணம்
10 ஆகஸ்ட் 2024

சேட்டு,

அந்தப் போட்டோவின் ஓரத்தில் தெரிகிற கால் என்னுடையது.

நன்றாகப் பார். கட்டைவிரலில் நகம் இருக்காது. நீ ஏழாவது படிக்கும்போது கிணற்றடியில் உருட்டிவிட்டாயே ஒரு கல், அதில் போன நகம் அது.

குழியை மூடியது நாங்கள்தான். ஆபீஸ்காரன் ஒரு கூடை மண் போட்டதில்லை. பிப்ரவரியில் சங்கீதா பிரசவத்துக்கு வந்தாள். வந்த அன்றைக்கே ஷேர் ஆட்டோ அந்தக் குழியில் தூக்கிப் போட்டதில் அவளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் இரண்டு தரம் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார்கள், அவ்வளவுதான். மனுவுக்கு ரசீது வாங்க வேண்டும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

மார்ச் 12 காலையில் வேலைக்கு வந்தவர்களிடம், "வாங்கடி, இன்னிக்கு முதல் பாத்தி ரோட்டுல" என்றேன். அளத்து ஓரத்தில் குவிந்து கிடக்கிற அழுக்கு உப்பைக் கூடை கூடையாகக் கொட்டினோம். அதன்மேல் உப்புப் பூத்து வெளுத்த பாத்திக் களிமண்ணைப் போட்டோம். தை மாதத்தில் புதுப் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவோமே, அதே மாதிரி பதினோரு பேரும் நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதித்தோம். வெயிலில் காய்ந்து சிமெண்டு போட்டது போல ஆகிவிட்டது. லாரி போனது, அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை. பதினோரு மணிக்கு பைக்கில் ஆபீஸ்காரர் ஒருவர் வந்தார். "யார் போட்டது?" என்றார். "நாங்கதான் சார்" என்றேன். "பரவால்லையே" என்று சிரித்துவிட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போட்டோதான் இது.

மழை வந்தால் உப்பு கரையும் என்று தெரியாதவளா நான்? பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்தே பிழைக்கிறேன். பிரசவம் ஏப்ரல் கடைசி என்றார்கள், அதுவரைக்கும் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். அது தள்ளிப் போய்விட்டது. மே மாதம் மழையும் வந்துவிட்டது. இருபதாம் தேதி மத்தியானம் அடித்த மழையில், குவித்து வைத்த உப்பு கரையாமல் இருக்கத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அளத்து ஓரத்து வீட்டிலிருந்து சங்கீதா வலியில் கத்தினாள். அளத்து உப்பைக் காப்பாற்ற ஓடிய எனக்கு ரோட்டில் போட்ட உப்பு ஞாபகம் வரவேயில்லை. மேலே களிமண் ஏடு அப்படியே இருந்தது, உள்ளே வெறும் பொந்து. என் வாயாலேயே "வேகமா போ" என்றேன். சக்கரம் இறங்கிய அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

இதுதான்டா நான் சாட்சிக்கு வராத காரணம். சர்க்கார் ரோட்டில் உப்பைக் கொட்டி வண்டியை விழ வைத்தவள் நான். தெரிந்தால் என்மேல் கேஸ் வரும், நடராசன் எங்கள் செட்டு முழுவதையும் துரத்துவான். பொய் சொல்லி ஆபீஸ் தப்பித்தால் நானும் தப்பித்துவிடுவேன். அதை நினைத்து இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் என் மூஞ்சியில் துப்புவாயா?

இந்தக் கடிதம் உன்னுடையது. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

மலர்கொடி

*

பதிவுத் தபால்
பெரிய முதலியார்சாவடி
16 ஆகஸ்ட் 2024

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் காரின் பானட்டை ஓங்கிக் குத்தினேன். கை வீங்கிவிட்டது. மரியதாஸ், "சாட்சியத்தக் கெடுக்காதடா" என்றான்.

மூன்று மாதம் என்னை நாய் மாதிரி அலையவிட்டாயே! முதல் நாளே, "நான்தான்டா மூடினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மனுவே போட்டிருக்க மாட்டேன். இப்போது மனுவை வாபஸ் வாங்கினால், பொய் மனு போட்டு அலுவலகத்தின் நேரத்தை வீணாக்கியவன் என்பார்கள். வாபஸ் வாங்காவிட்டால், "யார் மூடியது?" என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ நிற்கிறாய்.

யாரிடமும் வாயைத் திறக்காதே. வக்கீல் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. கடிதத்தை எரித்துவிட்டேன். விசாரணைக்கு நீ வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கால் நகம் விஷயத்தை இத்தனை வருஷம் கழித்துச் சொல்லிக்காட்ட வேண்டுமா?

சேட்டு

*

பதிவுத் தபால்
பெரிய முதலியார்சாவடி
23 ஆகஸ்ட் 2024

அக்கா,

நேற்று விசாரணை நடந்தது. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி அம்மா. இந்தப் பக்கம் நானும் வக்கீல் அம்மாவும். ஆபீஸ்காரர் வெள்ளைச் சட்டையில், ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம், "எங்க ஆளுங்கதான் மேடம் மூடினாங்க, போட்டோ இருக்கு" என்று ஒரே பாட்டு. நீதிபதி அம்மா போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "தார் மாதிரி தெரியலயே, வெள்ளையா இருக்கே" என்றார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்பா, நீ அந்த ரோட்டுல ஓட்டுறவன். இதை யார் மூடினாங்கன்னு உனக்குத் தெரியுமா? இந்தக் கால் யாரோடது?" என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க" என்றேன்.

ஆபீஸ்காரர் ஃபைலை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. செப்டம்பர் 12-க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் நான் எதுவும் காட்டாவிட்டால் மனு முடிக்கப்படும். நான் போகப் போவதில்லை. கடன் கொடுத்தவன் ஒத்துக்கொண்டால் இரும்புக் கடைக்காரனிடம் கார் என்ன விலை போகும் என்று மரியதாஸ் விசாரிக்கிறான். கார் போனாலும் கடன் போகாது. என்ன செய்வது, ஓட்டத் தெரிந்தவன் நான், எவன் வண்டியையாவது ஓட்டிக்கொண்டிருப்பேன்.

நீ நிம்மதியாக இரு. குழந்தையைப் பார்க்க ஒரு நாள் வருகிறேன்.

சேட்டு

*

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
மரக்காணம் உப்பளம்
28 ஆகஸ்ட் 2024

என் தம்பி சேட்டுவுக்கு,

ஆமாம், நானும் பதிவுத் தபால்தான். போஸ்ட் ஆபீஸில், "என்னம்மா, அக்கா தம்பி ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

ஆபீஸ்காரர் ஏன் சிரித்தார் என்று சொல்கிறேன். ஆகஸ்ட் 10-ம் தேதி உனக்கு எழுதிய அன்றைக்கே இன்னொரு கடிதமும் எழுதினேன், சாலை ஆபீசுக்கு. 'போட்டோவில் உள்ள குழியை மார்ச் 12 அன்று உப்பும் களிமண்ணும் போட்டு மூடியது நான். போட்டோவில் இருப்பது என் கால். உங்கள் ஆள் யாரும் மூடவில்லை. மழையில் அது கரைந்து என் தம்பி கார் விழுந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செட்டில் இருக்கும் மற்றவர்கள் பேரை எழுதவில்லை. நான் எழுதுவது தெரிந்ததும் ரேணுகா பேனாவைப் பிடுங்கித் தன் பேரையும் போடப் பார்த்தாள், கையில் ஒன்று வைத்தேன். மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். உன் வக்கீல் அம்மா சொன்ன மாதிரியே, அட்டையுடன்.

உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்புதான். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாய். நீ வாயைத் திறக்காதே என்று எழுதிய கடிதம் வந்தபோது அது போய்ச் சேர்ந்தே விட்டது. விசாரணையில் அவர்களே அதை எடுத்துக் காட்டுவார்கள், என்னைக் கூப்பிடுவார்கள் என்று, நல்ல புடவையாக ஒன்றை மடித்து எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் காட்டவில்லை. காட்டினால் 'எங்க ஆளுங்க மூடினாங்க' என்று எழுதியது பொய் என்று ஆகிவிடுமே. மடியில் வைத்திருந்த ஃபைலில் என் கடிதம் இருந்திருக்கும். நீ எனக்காகத் 'தெரியாது' என்று சொன்னது அவருக்கு எவ்வளவு வசதியாகப் போயிருக்கும், நினைத்துப் பார்.

அந்த ஒப்புகை அட்டை நேற்று எனக்குத் திரும்பி வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் பார். சாலை ஆபீஸ் முத்திரை, கையெழுத்து, தேதி ஆகஸ்ட் 14. விசாரணைக்கு எட்டு நாள் முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும். கடிதத்தின் ஜெராக்ஸும் இருக்கிறது. இரண்டையும் வக்கீல் அம்மாவிடம் கொடு. இந்தத் தடவை எதையாவது எரித்தாயோ, நானே வந்து அடிப்பேன்.

இதனால் கார் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. என்மேலும் கேஸ் வரலாம். நடராசனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "சீசன் முடிஞ்சதும் பேசிக்கலாம்" என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழைக்காலம் வரப் போகிறது, அடுத்த தை மாதம் பாத்தி மிதிக்க என்னைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தம்பி என் காலைப் பார்த்துத் தெரியாது என்று சொன்னான் என்பதைப் படித்தபோது வந்த அழுகைக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய், எனக்குப் புரிகிறது. இருந்தாலும் தாங்க முடியவில்லை.

குழி இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. சுற்றிலும் கல் வைத்து ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம்.

செப்டம்பர் 12 காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். ஸ்டாப்பில் வந்து நில். அந்த நீதிபதி அம்மா போட்டோவைக் காட்டி மறுபடியும் கேட்பார்கள். இந்தத் தடவை, "எங்கக்கா காலுங்க" என்று சொல்லு.

மலர்கொடி